அமெரிக்காவில் ஆன்லைனில் மனநலக் கவுன்சலிங் முதுகலை: லைசன்சிலிருந்து பின்னோக்கிப் போகும் வழி

அமெரிக்காவில் மனநலக் கவுன்சலராகத் தொழில் செய்ய முதுகலைப் பட்டம் மட்டும் போதாது, மாநிலம் கொடுக்கும் லைசன்ஸ் வேண்டும். பட்டம் அந்த லைசன்சுக்கான நுழைவுச்சீட்டுதான். அதனால் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்துத் தேடலைத் தொடங்காதீர்கள். எந்த மாநிலத்தில் வேலை செய்யப் போகிறீர்களோ, அந்த மாநிலக் கவுன்சலிங் வாரியத்தின் இணையதளத்தை முதலில் திறந்து, எந்தெந்தப் பாடங்கள், எத்தனை கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு), எத்தனை மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி தேடுங்கள்.

லைசன்சின் பெயரே இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க், ஃபுளோரிடா, மாசசூசெட்ஸில் எல்.எம்.எச்.சி. டெக்சஸ், ஜார்ஜியா, பென்சில்வேனியாவில் எல்.பி.சி. கலிஃபோர்னியாவிலும் ஒஹையோவிலும் எல்.பி.சி.சி. இல்லினாய்ஸில் எல்.சி.பி.சி. செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான், விதிகள்தான் வேறு.

பலர் சறுக்குவது பட்டத்தின் பெயரில். எம்.ஏ. சைக்காலஜி என்று இருந்தால் லைசன்ஸ் கிடைத்துவிடும் என்று நம்பிச் சேர்ந்துவிடுகிறார்கள். பொதுவான சைக்காலஜி முதுகலையில் களப்பயிற்சி இல்லாமலே பட்டம் முடிந்துவிடலாம், வாரியம் அதை ஏற்காது. நீங்கள் தேட வேண்டியது 'கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலிங்' என்ற பிரிவு. ஸ்கூல் கவுன்சலிங் வேறு, சோஷியல் ஒர்க் வேறு. இரண்டும் நல்ல படிப்புகள்தான், ஆனால் போய்ச் சேரும் லைசன்ஸ் வேறு.

கேக்ரெப் முத்திரை

கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு கேக்ரெப், 1981-ல் தொடங்கியது. அதன் தர விதிப்படி முதுகலைக்குக் குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். மூன்று கிரெடிட் பாடங்களாக வகுத்தால் இருபது பாடங்கள். வேலை பார்த்துக்கொண்டே செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுத்து, கோடையிலும் விடாமல் படித்தால் மூன்றரை ஆண்டு ஓடிவிடும். ஒஹையோ போன்ற சில மாநிலங்கள் கேக்ரெப் அங்கீகாரம் பெற்ற பட்டத்தையே கேட்கின்றன. மற்ற மாநிலங்களில் கட்டாயம் இல்லாவிட்டாலும், அந்த முத்திரை இருந்தால் வாரியம் உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாகத் தோண்டித் துருவுவது பெரும்பாலும் குறையும்.

சரிபார்க்கும்போது கேக்ரெப்பின் சொந்தப் பட்டியலைப் பாருங்கள், கல்லூரிக் கையேட்டை அல்ல. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் படிப்புக்கு இருப்பதும் வெவ்வேறு. ஒரே கல்லூரியில் ஸ்கூல் கவுன்சலிங்குக்கு இருந்து, மனநலப் பிரிவுக்கு இல்லாமலும் இருக்கலாம். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்றால் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, கல்லூரி உங்கள் மாநில மாணவரைச் சேர்க்க முடியுமா என்பது. ஆன்லைன் படிப்புக்கான சாரா ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா தவிர 49 மாநிலங்கள் இருக்கின்றன. ஆனால் சாரா கல்லூரிக்குத்தான் அனுமதி தரும், உங்களுக்கு லைசன்ஸ் வாங்கித் தராது. 2024 ஜூலை 1 முதல், அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள், சேரும் மாணவர் இருக்கும் மாநிலத்தின் கல்வித் தகுதிக்குத் தங்கள் படிப்பு பொருந்துகிறதா என்று முடிவு செய்தாக வேண்டும். எனவே 'என் மாநிலத்தில் செல்லுமா?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். துணைவரின் வேலை மாற்றத்தால் நடுவில் மாநிலம் மாற வாய்ப்பிருந்தால், போகக்கூடிய மாநிலத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

இந்தியப் பட்டம், விசா, பணம்

இந்தியாவில் நான்காண்டு பொறியியல் படித்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்றால் சில கல்லூரிகள் ஏற்கும், சில அதற்கு மேல் ஒரு முதுகலை இருக்கிறதா என்று கேட்கும். இந்தியப் பட்டத்தை அமெரிக்கக் கணக்கில் ஒப்பிட்டுக் காட்டும் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை வேண்டுமென்றால், பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் முத்திரையிட்ட உறையில் வந்து சேரவே மாதக்கணக்காகலாம். விண்ணப்பக் கட்டுரை எழுதுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு முழு ஆன்லைன் படிப்பு ஒத்துவராது. முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் ஆன்லைன் வகுப்பு அல்லது மூன்று கிரெடிட் மட்டும்தான் சேரும். எச்-4-ல், அதாவது எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் இன்டர்ன்ஷிப் செய்வது சிக்கலான இடம். 'சம்பளம் இல்லையே, வேலைக் கணக்கில் வராது' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சேரும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழித்துவிடுங்கள். இந்தியாவில் உட்கார்ந்தபடியே படிக்கலாமா என்றால், பாடங்களை முடிக்கலாம், களப்பயிற்சியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கட்டணத்தைக் கிரெடிட் விலையை 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். கிரெடிட்டுக்கு 600 டாலர் என்றால் 36,000. அதன்மேல் தொழில்நுட்பக் கட்டணம், பின்னணிச் சோதனை, பொறுப்புக் காப்பீடு, சில நாள் நேரில் வரச் சொல்லும் ரெசிடன்சிக்கான பயணம், தங்கும் செலவு எல்லாம் வரும். அமெரிக்க மத்திய அரசுக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் வரை. மீதியை அடைக்க உதவிய கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிடையாது.

வகுப்பில் என்ன நடக்கும்

ஆன்லைன் என்றதும் வீடியோ பார்த்துத் தேர்வெழுதும் படிப்பு என்று நினைக்க வேண்டாம். ஆலோசனைத் திறன் பாடத்தில் சக மாணவரைக் கிளையன்டாக, அதாவது ஆலோசனைக்கு வருபவராக வைத்துப் பேசி, பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, உங்கள் ஒவ்வொரு வாக்கியமும் என்ன வகை என்று பக்கத்தில் குறிக்கச் சொல்வார்கள். அங்கேதான் பழக்கம் அகப்படும். கிளையன்ட் சொல்கிறார்: 'வேலை போனதிலிருந்து வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.' புதியவர் உடனே, 'வேற இடத்துல ட்ரை பண்ணீங்களா?' என்பார். அது கேள்வி வேடத்தில் வரும் அறிவுரை. 'அவங்க முன்னாடி நிக்கவே உங்களுக்குக் கூச்சமா இருக்கு' என்று அவர் உணர்வையே திருப்பிக் கொடுத்தால் அவர் மேலே பேசுவார். நம் வீடுகளில் அக்கறை என்றாலே அறிவுரைதான், அதனால் இந்தப் பழக்கத்தைக் கைவிட நமக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும்.

மதிப்பெண் நன்றாக இருந்தாலும், விமர்சனத்தை ஏற்காதவர்களையும் எல்லை மீறுபவர்களையும் தடுத்து நிறுத்தும் கடமை இந்தப் படிப்பின் பேராசிரியர்களுக்கு உண்டு.

களப்பயிற்சி: படிப்பு தடுக்கி விழும் இடம்

கேக்ரெப் விதிப்படி முதலில் ப்ராக்டிகம் என்ற தொடக்கநிலைப் பயிற்சி: 100 மணி நேரம், அதில் 40 கிளையன்டோடு நேரடியாக. பிறகு இன்டர்ன்ஷிப்: 600 மணி நேரம், நேரடியாக 240. ப்ராக்டிகத்தில் கூடுதலாகச் சேர்த்த மணி இன்டர்ன்ஷிப்புக்குச் செல்லாது. சக மாணவரோடு நடித்துப் பார்ப்பது, குறிப்பு எழுதுவது, நேரம் குறிக்கத் தொலைபேசியில் பேசுவது எதுவும் நேரடிக் கணக்கில் வராது.

இன்டர்ன்ஷிப்பைப் பதினைந்து வாரம் கொண்ட இரண்டு செமஸ்டரில் பரப்பினால் வாரம் 20 மணி, அதில் 8 மணி கிளையன்டோடு. எட்டுப் பேருக்கு நேரம் கொடுத்து ஆறு பேர்தான் வந்தால் முப்பது வாரத்தில் 180-தான் தேறும், 60 மணி குறையும். எனவே தொடக்கத்திலிருந்தே பதினொன்று, பன்னிரண்டு பேருக்கு நேரம் ஒதுக்குங்கள். கடைசி மாதத்தில் துரத்திப் பிடிக்க முடியாது. வார இறுதியிலும் மாலையிலும் மட்டும் வருவேன் என்றால் பெரும்பாலான இடங்கள் கையை விரிக்கும். பகல் வேலையில் இருப்பவர்கள் அந்த ஓராண்டுக்கு என்ன செய்வது என்று சேரும்போதே யோசித்து வையுங்கள்.

இடம் தேடித் தரும் பொறுப்பைப் பல ஆன்லைன் கல்லூரிகள் மாணவர் தலையில் வைத்துவிடும். 'இடம் கிடைக்க உதவுகிறோம்' என்றால் பட்டியல் அனுப்புவார்களா, ஆள் வைத்துப் பேசித் தருவார்களா என்று கேளுங்கள். ஒன்பது மாதம் முன்பே தேடத் தொடங்குவது நல்லது. கல்லூரிக்கும் பயிற்சி நிலையத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக இரண்டு பக்கச் சட்டத்துறையும் பார்க்க வேண்டும், அதில் வாரங்கள் கரையும். சமூக மனநல மையங்கள், போதை மறுவாழ்வு நிலையங்கள், கல்லூரி ஆலோசனை மையங்களில் முதலில் கேளுங்கள். அங்கே உங்களை மேற்பார்வையிடும் சூப்பர்வைசருக்கு முதுகலைப் பட்டம், உரிய லைசன்ஸ், குறைந்தது இரண்டாண்டு அனுபவம், சூப்பர்விஷன் பயிற்சி நான்கும் இருக்க வேண்டும். நேர்காணலில் மறக்காமல் கேட்க வேண்டியது: அமர்வைப் பதிவு செய்ய விடுவார்களா? கல்லூரி பதிவு கேட்டு, நிலையம் மறுத்துவிட்டால் நடு செமஸ்டரில் இடம் மாற வேண்டியிருக்கும்.

பட்டம் வாங்கிய பிறகு

உடனே தனியாகத் தொழில் தொடங்க முடியாது. மேற்பார்வையில் மட்டும் வேலை செய்ய விடும் அசோசியேட் நிலை லைசன்ஸ், தேர்வு, மேற்பார்வையில் வேலை எல்லாம் முடிய வேண்டும். தேர்வு இரண்டு வகை: 200 கேள்விகள் கொண்ட என்.சி.இ., அதில் 160-க்குத்தான் மதிப்பெண். கேஸ்களை வைத்துக் கேட்கும் என்.சி.எம்.எச்.சி.இ. எது வேண்டும் என்பதை மாநிலம் சொல்லும், நியூயார்க் கேட்பது இரண்டாவதை. மேற்பார்வை நேரம் நியூயார்க், டெக்சஸ், கலிஃபோர்னியாவில் 3,000 மணி. டெக்சஸில் அதில் பாதி நேரடியாகக் கிளையன்டோடு. முழு லைசன்ஸ் பெற்றவர்கள் 2024 ஜனவரி 1 முதல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் பில் அனுப்பலாம், முதியோரிடம் வேலை செய்ய விரும்புபவர்களுக்கு இது பெரிய கதவு.

படிக்கும்போதே ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும், கையெழுத்திட்ட மணி நேரப் பதிவையும் உங்கள் சொந்தக் கணக்கில் பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் பட்டத்தோடு முடங்கிவிடலாம், சூப்பர்வைசர் வேறு ஊருக்குப் போய்விடலாம். ஐந்தாண்டு கழித்து வேறொரு மாநில வாரியம் கேட்கும்போது அந்தக் கையெழுத்தை உங்களைத் தவிர வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.