பல்லாங்குழியில் ஒரு பைட்

காரைக்குடியில் வீட்டு முகப்பிலேயே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். பிட், பைட் என்று ஆரம்பித்தாலே பிள்ளைகளின் கவனம் தெருவுக்குப் போய்விடும். அதனால் ஒருநாள் ஆயாவின் பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்கினேன். இப்போது அது இல்லாமல் நான் பாடம் எடுப்பதில்லை.

நீங்களும் பலகையை எடுத்து வையுங்கள். கூடவே ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. உங்கள் பக்கத்து வரிசையில் ஏழு குழி. வலது கோடிக் குழியின் மதிப்பு 1. அங்கிருந்து இடப்பக்கமாக 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும். எட்டாவது குழிக்கு எதிர் வரிசையின் இடது கோடியை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மதிப்பு 128. ஒவ்வொரு குழியும் ஒரு பிட், இந்த எட்டும் சேர்ந்தது ஒரு பைட். கொட்டை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 77 வேண்டுமா? 64, 8, 4, 1 ஆகிய நான்கு குழிகளில் ஒவ்வொன்று போடுங்கள். எட்டும் நிறைந்தால் 255.

கம்ப்யூட்டரின் மெமரியில் கொட்டைக்குப் பதில் துளி மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை படித்து மறுபடி நிரப்புகிறார்கள். மின்சாரம் போனால் சேமிக்காத வேலை போவது இதனால்தான்.

இனி கூட்டல். ஒரே ஒரு விதி: ஒரு குழியில் இரண்டு கொட்டை தங்கக் கூடாது. இரண்டு சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு, இடப்பக்கக் குழியில் ஒன்று போட வேண்டும். 5 இருக்கிற பலகையில் 3 சேர்த்துப் பாருங்கள். ஒன்றாம் குழியில் இரண்டு ஆகும், அது இரண்டாம் மதிப்புக்கு நகரும், அங்கும் இரண்டாகி நான்குக்கு நகரும், அங்கிருந்து எட்டுக்குப் போய் நிற்கும். ஒரே கொட்டை, விடை 8.

கழித்தல் குறி எங்கே வைப்பது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டுவிடும். அதற்குத்தான் எட்டாவது குழியை எதிர் வரிசையில் தனியாக வைத்தேன். அதன் மதிப்பை −128 என்று மாற்றிக்கொள்ளுங்கள். −5 என்பது −128 உடன் 123. அதாவது 4-ஆம் மதிப்புக் குழியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கொட்டை. இதனோடு 5 சேர்த்தால் கொட்டைகள் வரிசையாக இடப்பக்கம் நகர்ந்து, கடைசி ஒன்று போக இடமில்லாமல் பலகையை விட்டு விழும். பலகை வெறுமை. பூஜ்ஜியம்! கழிக்கத் தனி இயந்திரம் தேவையில்லை, கூட்டுகிற இயந்திரமே போதும். எத்தனை முறை செய்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எழுத்துகளும் எண்கள்தான். எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பட்டியலான யூனிகோடில் 'அ' 2949, 'க' 2965. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுத இணையத்தில் அதிகம் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் 'கா'வுக்குக் ககரம் ஒன்று, கால் ஒன்று என இரண்டு எண்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'காரைக்குடி'க்கு 30 பைட், அதாவது 30 பலகை.

பின்னம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒன்றாம் குழிக்கு வலப்பக்கம் இன்னும் குழிகள் இருந்தால் அவற்றின் மதிப்பு என்ன? அரை, கால், அரைக்கால், மாகாணி. நம் பெரியவர்கள் வாயில் இருந்த பின்னங்களேதான். பாதி, பாதியாகப் போவதால் இவை கம்ப்யூட்டருக்குத் துல்லியமாக அடங்கும். இருபதில் ஒன்றான மாவும், எண்பதில் ஒன்றான காணியும், 320-இல் ஒன்றான முந்திரியும் அடங்காது. 20, 80, 320 மூன்றிலும் ஐந்து கலந்திருக்கிறது. பத்திலும் அப்படித்தான். பத்தில் ஒன்றைக் காட்ட மாகாணி போட்டு, அதில் பாதி போட்டு, இன்னும் சிறியதாகப் போட்டுக்கொண்டே போனாலும் முடியாது. எங்கோ நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு நகைக்கடன் கடைக்கு வட்டிக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். கணக்குப்பிள்ளையின் பேரேடு சரியாக இருந்தது, என் திரை மட்டும் 'கணக்கு நேராகவில்லை' என்றது. இரவெல்லாம் தேடினேன். பத்துக் காசை 0.1 என்று வைத்துப் பத்து முறை கூட்டியபோது, ஒரு ரூபாய்க்குப் பதில் 0.9999999999999999 வந்து நின்றது. பேரேட்டில் ஒரு காசு விட்டுப்போனாலும் விடாத ஊரில் இது பெரிய தப்பு.

ஆகவே பணத்தை ஒருபோதும் தசமமாகச் சேமிக்காதீர்கள். காசாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள்: 12,345 ரூபாய் 50 காசு என்றால் 1234550. திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வையுங்கள். அப்புறம், 32 பிட் எண்ணில் வைத்தால் 2,14,74,836 ரூபாய் 47 காசுக்கு மேல் ஏறாது. ஒரு காசு கூடினால் −128 குழி கதைதான், வரவு பற்றாகிவிடும். இரண்டு கோடி புழங்குகிற கடை என்றால் முதலிலேயே 64 பிட் எடுத்துக்கொள்ளுங்கள்.