முதலில் இறங்குவது கடைசியில் ஏறட்டும்

துறைமுகமும் விமானதளமும் கைக்கு எட்டாத கரையில் முப்படைகளும் சேர்ந்து இறங்கும்போது, கப்பல்தான் அவர்களுக்குக் கிடங்கு, மருத்துவமனை, ஓடுதளம் எல்லாம். அத்தகைய கப்பல்களில் சரக்கேற்றும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: கரையில் கால் வைத்த வீரனுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன வேண்டும்?

தோட்டா, குடிநீர், வயர்லெஸ், மருத்துவக் குழு. இவை கடைசியில் ஏற வேண்டும். அப்போதுதான் முதலில் இறங்கும். இப்படி அடுக்கினால் சரக்கறையில் இடம் வீணாகும். வீணாகட்டும். ஒரு பயிற்சியில் இடத்தை மிச்சம் பிடிக்க நினைத்து, வயர்லெஸ் பேட்டரிப் பெட்டிகளைக் கூடாரக் கட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டோம். அலையில் ஆடும் அறையில் சங்கிலிகளைத் தளர்த்தி, கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்தப் பெட்டிகளை வெளியே எடுக்க நான்கு மணி நேரம் ஆனது. அதுவரை கரையில் இருந்தவர்களின் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை. 1982இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்துப் போரிலும் பிரிட்டிஷ் கப்பல்கள் அவசரமாக ஏற்றிக்கொண்டு கிளம்பி, வழியில் அசென்ஷன் தீவில் நின்று சரக்கை மறுபடி பிரித்து அடுக்க வேண்டியிருந்தது.

ஒரே வகைச் சாமானை ஒரே கப்பலில் குவிக்காதீர்கள். அதே போரில், மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் எக்ஸோசெட் ஏவுகணையால் தாக்கப்பட்டபோது மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அழிந்தன. அந்த நேரத்தில் வானில் இருந்த ஒரு சினூக் மட்டுமே தப்பியது. ஹெலிகாப்டரில் போகவேண்டிய படையினர் முதுகில் சுமையோடு சதுப்பு நிலத்தில் நடந்தே போனார்கள்.

தரைப்படை ஹெலிகாப்டர்களுக்குத் தனிக் கவனம் தேவை. 1994இல் ஹெய்ட்டிக்குச் சென்ற அமெரிக்க விமானந்தாங்கி ஐசனோவர், 10ஆவது மலைப்படைப் பிரிவின் வீரர்களையும் ஹெலிகாப்டர்களையும் சுமந்து சென்றது. ஆகவே இது முடிகிற காரியம்தான். ஆனால் சுழலிறகுகள் மடங்குமா என்று முன்பே அளந்து பாருங்கள். தொட்டியில் என்ன எரிபொருள் இருக்கிறது என்றும் கேளுங்கள். நிலத்திலுள்ள விமானதளங்களில் ஊற்றும் ஜேபி-8 வகையின் ஆவி 38 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடும்; கப்பலுக்கென்று உள்ள ஜேபி-5 வகைக்கு அந்த வரம்பு 60 டிகிரி. எரிபொருளை மாற்றும் வரை அந்த ஹெலிகாப்டர் மேல்தளத்திலேயே நிற்கட்டும். மூடிய கூடத்துக்குள் இறக்கவே கூடாது. உப்புக்காற்று படிவதால் அன்றாடம் நன்னீரால் கழுவுங்கள். அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்.

கடல் பொறுத்துக்கொள்ளாது. 2024 மே மாதம் காசா கரையில் அமெரிக்க ராணுவம் அமைத்த மிதவைத் துறை, இயங்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அலையடித்து உடைந்தது. அலை உயர்ந்தால் எந்தச் சாமானை வான்வழியே அனுப்புவது என்ற பட்டியலைக் கிளம்பும் முன்பே எழுதி, எடையோடு குறித்துவையுங்கள். அதன் ஒரு பிரதி கரையில் இறங்கும் தளபதியின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.