நின்றே கிடந்த காரை ஓட வைத்தது

நெடுநாள் நின்ற கார் என்றால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் பார்ப்பார்கள். நான் பிரேக்கில் தொடங்கினேன். கிளம்பாத வண்டியால் ஆபத்தில்லை, நிற்காத வண்டியால்தான். பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் கட்டைகளைத் தள்ளும் வீல் சிலிண்டர் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை குறையும். கறுத்துப்போன பழையதை முழுக்க வெளியேற்றி, ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருந்தபடி டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலை ஊற்றி, குமிழி நிற்கும்வரை பிளீட் செய்தேன், அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றினேன். தொளதொளவென்று இறங்கிய பெடல் கெட்டியானது.

அப்புறம் நாற்றமடித்த பெட்ரோலை வடித்து ஃபில்டரை மாற்றினேன். பேட்டரியா? சார்ஜ் ஏறவே இல்லை, புதியதுதான் போட வேண்டியிருந்தது. டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்பள்ளங்கள்) தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு. தேதிக் குறியீடு 2314, அதாவது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். யோசிக்காமல் நான்கையும் மாற்றிவிட்டேன்.