எக்ஸ்ரேயில் நிழலா? சென்னைக்குப் புதிதாக வந்த நம்மவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வளசரவாக்கத்தில் வீடு எடுத்த கையோடு, அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறதாம் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கோபம்தான்: நுரையீரலில் கட்டி, புற்றாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகும் மருந்தைத் தொடங்காமல் டெஸ்ட் மேல் டெஸ்ட் எதற்கு?

முதலில், நிழல் டி.பி.யாகவும் இருக்கலாம். என் சித்தப்பாவுக்குச் சளியைக்கூடப் பார்க்காமல் ஒரு கிளினிக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தே இரண்டு மாதம் போய்விட்டது. சளிப் பரிசோதனை உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்து சி.டி. ஸ்கேன், அப்புறம் பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. கட்டி நெஞ்சின் ஓரத்தில் இருந்தால் வெளியிலிருந்து ஊசி போட்டு எடுப்பார்கள், மூச்சுக்குழாய்ப் பக்கம் என்றால் பிராங்காஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு எடுப்பது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா? முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி குத்தினால் புற்று பரவும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அதைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைப்பார்கள், பார்த்தால் சின்ன மெழுகுத் துண்டு, பெயர் 'ப்ளாக்'. வீட்டுப் பத்திரம் மாதிரி அதைக் காப்பாற்றுங்கள், இரண்டாவது டாக்டரிடம் போனாலும் ரிப்போர்ட்டோடு ப்ளாக்கையும், மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடையும்தான் கேட்பார்கள். நுரையீரல் புற்றில் 'ஸ்மால் செல்' என்ற வகையா, மற்ற வகையா என்பது அதிலிருந்துதான் தெரியும். மற்ற வகை என்றால், முக்கியமாகப் பரவிய நிலையில், எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுக்கள், பி.டி.எல்.1 புரதம் எல்லாம் பார்ப்பார்கள், ரிசல்ட் வர ஒரு வாரம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். அந்தக் காத்திருப்பு வீண் இல்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையிலேயே தொடங்க வழி இருக்கிறது.

எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கப் பெட் (PET) ஸ்கேன். 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஊசி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைப்பார்கள். அந்த ஊசி மருந்தில் கதிர்வீச்சு உண்டு, அன்று பேரப்பிள்ளையை மடியில் வைக்க வேண்டாம். சிலருக்கு மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும், ஆபரேஷன் என்றால் மூச்சு ஊதிப் பார்க்கும் டெஸ்டும் உண்டு.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டோ, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனையோ, எங்கே போனாலும் பாஸ்போர்ட், பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் பதிவான டிஸ்க் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கவுண்டரில் நம் ஊர்ப் பழக்கத்தில் 'துண்டு' என்று கேட்காதீர்கள், இங்கே துண்டு என்றால் தோளில் போடுவது, 'சீட்டு' என்று கேளுங்கள்.