கோடைக்கால முதலுதவி: முதலில் குழாயைத் திறங்கள்

வீட்டில் யாருக்காவது அடிபட்டால் நாம் நேராக அலமாரிக்குத்தான் ஓடுவோம். களிம்பு எங்கே, பஞ்சு எங்கே என்று துழாவுவதற்குள் நல்ல நேரம் போய்விடும். கோடையில் வீட்டிலும் தெருவிலும் நடக்கிற பல விபத்துகளுக்கு முதல் மருந்து தண்ணீர்தான். அதை எங்கே ஊற்றுவது, எவ்வளவு நேரம் ஊற்றுவது, எப்போது வாயில் ஊற்றவே கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

வெயிலில் ஒருவர் தளர்ந்துபோனால்

மே மாதம் கத்திரி தொடங்கியதும் கட்டட வேலை செய்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், தேர்த் திருவிழாவில் நிற்பவர்கள் எல்லோருக்கும் இது நடக்கலாம்.

1. முதலில் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். வந்ததும் பேச்சுக் கொடுங்கள். "பேர் என்ன, எந்த ஊர், இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டாலே போதும். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

2. பதில் தெளிவாக வருகிறது. ஆனால் தலைசுற்றல், குமட்டல், தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு இருக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் அது வெப்பச் சோர்வு. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். சட்டை, இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறி விடுங்கள். குடிக்க ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெம்பு வர வேண்டும். வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

3. பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் உளறுகிறார், முரண்டு பிடிக்கிறார், வலிப்பு வருகிறது அல்லது மயங்கிவிட்டார் என்றால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் என்று ஏதாவது அடையாளம் சொல்லட்டும். இன்னொருவர் அந்த நொடியே குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும்.

குளிர்விப்பது என்றால் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போடுவது இல்லை. மேல்துணியைக் கழற்றிவிட்டு, கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற மின்விசிறியோ முறமோ அட்டையோ எது கிடைத்தாலும் காற்று வீசுங்கள். ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். இதில் மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுவது எவ்வளவு சீக்கிரம் சூட்டை இறக்கினோம் என்பதுதான்.

இங்கே பலரும் தடுமாறுகிற இடங்கள் சில உண்டு. "வியர்வை வருதே, அப்போ ஸ்ட்ரோக் இல்லை" என்பார்கள். கடும் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வியர்வையோடும் ஹீட் ஸ்ட்ரோக் வரும், அதனால் தோலைவிடப் பேச்சை நம்புங்கள். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இந்தச் சூடு இறங்காது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வேலையும் வேண்டாம்.

ஓஆர்எஸ் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டை டம்ளரில் குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பின் அளவு கெட்டுவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டுமே தலைதட்டி. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போனது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மருந்துக் கடையில் ஓஆர்எஸ் மாதிரியே அட்டை போட்ட இனிப்புப் பானங்களும் விற்றிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சூடு பட்டால்

பைக் சைலன்சர் கெண்டைக்காலில் பட்டாலும், எண்ணெய் தெறித்தாலும், குக்கர் ஆவி அடித்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து 20. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். உள்ளே இருக்கிற சூடு இன்னும் சதையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். மொட்டை மாடி டேங்கிலிருந்து மதியம் வருவது வெந்நீர், அதைக் கொஞ்சம் ஓடவிட்டோ பானைத் தண்ணீரை ஊற்றியோ பாருங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். டூத் பேஸ்ட், பேனா மை, நெய், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலும், காயம் அவரவர் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

வெட்டு, மூக்கில் ரத்தம்

அரிவாள்மனை வெட்டிவிட்டால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கிறோமே, அதுதான் ரத்தத்தை மறுபடி ஓடவைக்கிறது. பீறிட்டு வராத சின்னக் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கட்டினால் போதும், காப்பித்தூள் வைக்க வேண்டாம். துருப்பிடித்த ஆணியோ மண்ணோ என்றால் டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெயிலில் மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்க வைப்பது நம் வழக்கம். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்திதான் வரும். முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள், வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள்.

நாய் கடித்தால்

மறுபடியும் குழாய்தான், கூடவே சோப்பு. ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் கிருமியைக் காயத்திலேயே பெருமளவு குறைக்கும் வழி இது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு தடவாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். ரத்தம் வரும் அளவு கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) ஊசியும் வேண்டுமா என்று கேளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்து 3, 7, 28-ஆம் நாட்களில் மற்றவை. நாய் வீட்டு நாய், குட்டி நாய் என்று யார் சொன்னாலும் சரி, நடுவில் விட்டுவிடாதீர்கள்.