மேக் பார்க்காமல் விட்ட ஹெடர் கோப்பு

ஐசிபிசி (கல்லூரி மாணவர்களுக்கான உலக நிரலாக்கப் போட்டி) விதிப்படி நடக்கும் பயிற்சிப் போட்டிகளில், ஒரு கணக்கைத் தீர்ப்பதற்கு முன் அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிடம் அபராதம். எனக்கு அது அடிக்கடி விழுந்தது. என் கணினியில் மாதிரி உள்ளீடுகள் எல்லாம் சரியாக வரும். அனுப்பினால் தவறு என்று திரும்பும்.

செக்மென்ட் ட்ரீ (ஒரு தரவு அமைப்பு) போன்றவற்றைத் தனி ஹெடர் கோப்புகளில், அதாவது பிற நிரல்கள் இணைத்துக்கொள்ளும் கோப்புகளில் வைத்திருந்தேன். நிரலைக் கம்பைல் செய்ய (இயங்கும் வடிவத்துக்கு மாற்ற) உதவும் மேக் (make) கருவி, அதற்கான குறிப்புக் கோப்பான மேக்ஃபைலில் நாம் எழுதிய கோப்புகளின் கடைசியாகத் திருத்திய நேரத்தை மட்டுமே ஒப்பிடும். நானோ சிபிபி கோப்பை (முதன்மை சி++ நிரல்) மட்டும் எழுதியிருந்தேன். ஹெடரைத் திருத்தியபோது மேக் எதையும் கம்பைல் செய்யவில்லை; பழைய நிரலே ஓடியது. ஹெடரையும் சேர்த்து அனுப்பிய கோப்பில் மட்டும் புதிய ஹெடர், அதன் பிழையோடு.

சி++ கம்பைலரான ஜி++ கட்டளையில் ‘-எம்எம்டி’ சேர்த்தேன். எந்த ஹெடரை எந்த நிரல் பயன்படுத்துகிறது என்று அது ஒரு ‘.டி’ கோப்பில் எழுதிவிடும். அதை மேக்ஃபைலில் இன்க்லூட் செய்தால் போதும்.

அப்புறம் இன்னொரு மாற்றம். என் பார்வையில் இதுதான் முக்கியம்: ஹெடர்களை ஒரே கோப்பாக இணைத்து, அனுப்பப்போகும் அந்தக் கோப்பையே கம்பைல் செய்து சோதிக்கிறேன். சோதனைக்கு அட்ரஸ் சானிட்டைசரும் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) உண்டு. அரே எல்லை தாண்டினால் பெரும்பாலும் உடனே நிறுத்திவிடும். மாதிரிகள் தேறினால்தான் ஸ்கிரிப்ட் கோடை கிளிப்போர்டில் வைக்கும்.