ஜேமியைப் பிடிக்கும், சரி. பிரானைத் தள்ளியது யார்?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடர் 2019-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற பசங்களிடம் அதில் வரும் டிராகன் ராணி டெனேரிஸ் பேரை எடுத்துப் பாருங்கள், ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். சண்டை போடட்டும், தப்பில்லை. ஆனால் பாதிச் சண்டை ஒரே இடத்தில்தான் வழுக்குகிறது: ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்று புரிந்ததுமே, அவன் எதையும் செய்யாத மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

ஜேமி லானிஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடிலேயே பிரான் என்ற சின்னப் பையனைக் கோபுர ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான், பையனுக்கு நடக்கவே முடியாமல் போகிறது. மூன்றாவது சீசனில் அதே ஜேமி, ஒரு கை போய், காய்ச்சலும் ரணமுமாகக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து பிரியென் என்ற வீராங்கனையிடம் உண்மையைக் கக்குகிறான்: பைத்தியக்கார ராஜா ஊருக்கு அடியில் வைல்ட்ஃபயர் என்ற பயங்கர எரிதிரவத்தைப் பதுக்கி வைத்திருந்தான், எல்லாரையும் எரித்துவிடச் சொன்னான், அதனால்தான் முதுகில் குத்தினேன். அருமையான காட்சி. ஊரே அவனை ராஜதுரோகி என்று ஏசியது எவ்வளவு அநியாயம் என்று அங்கேதான் நமக்கு உறைக்கிறது. ஆனால் அந்த வாக்குமூலம் ராஜாவின் கொலையைப் பற்றியது மட்டும்தான். பிரானின் கால் அதில் வரவே இல்லை. "இன்னா மச்சி, அவன் எவ்ளோ பட்டுட்டான்" என்பார்கள். பட்டான்தான், அதற்காகப் பிரான் எழுந்து நடந்தானா?

இந்த வழுக்கலைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி, அடிபட்டவன் பேரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது. ஹவுண்ட் என்ற முரட்டு வீரனின் ரசிகர்களிடம் மைக்கா யார் என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு யோசிக்க வேண்டியிருக்கும். கசாப்புக்காரர் மகன், பிரானின் அக்கா ஆர்யாவோடு குச்சிச் சண்டை விளையாடினான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம், அதற்குக் குதிரையில் துரத்திப் போய் வெட்டினான் ஹவுண்ட். சின்ன வயதில் அண்ணன்காரன் இவன் முகத்தை நெருப்பில் அழுத்தியதை நினைத்து நாம் இவனுக்காக உருகலாம், உருகணும்கூட. ஆனால் அந்தக் காயத்தைக் கொடுத்தது மைக்கா இல்லையே. பிரான் வீட்டிலேயே வளர்ந்து அந்த வீட்டுக்கே துரோகம் செய்த தியான் விஷயமும் இப்படித்தான்: ராம்சே என்ற கொடூரன் அவனை வதைத்ததைக் காட்டி "தண்டனை அனுபவிச்சிட்டான், கணக்கு நேர்" என்கிறார்கள். அவன் எரித்துத் தொங்கவிட்ட இரண்டு பண்ணைப் பையன்களுக்காகவா ராம்சே அவனை அடித்தான்? ராம்சேவுக்கு அது பொழுதுபோக்கு.

நம்மாட்களுக்கு இது பழைய பழக்கம். செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லியே கர்ணனை விடுதலை செய்துவிடுவோம். பாரதத்தில் சபை நடுவே பாஞ்சாலியை இழிவாகப் பேசியவனும் அதே கர்ணன்தான். கர்ண மோட்சம் கூத்து பார்த்து அழுவதற்கு அதை மறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் இதன் மறுபக்கம். கடைசி சீசனில் டெனேரிஸ் தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கை எரித்ததும் "அவ மொதல்லேர்ந்தே பைத்தியம்பா" என்று ஒரு கோஷ்டி கிளம்பியது, "எழுதினவங்க கெடுத்துட்டாங்க, அவ தேவதை" என்று இன்னொரு கோஷ்டி. அவசரமாக முடித்தார்கள் என்பதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அவள் அதற்கு முன் பிடித்த அடிமை நகரம் மீரீனை நினைத்துப் பாருங்கள். போகிற வழியெல்லாம் அந்த ஊர் எஜமானர்கள் 163 அடிமைக் குழந்தைகளைச் சிலுவையில் அறைந்து வைத்திருந்தார்கள், பதிலுக்கு அவள் 163 எஜமானர்களை அறைந்தாள். நாம் கைதட்டினோம். பிறகு அந்த ஊர்ப் பிரபு ஹிஸ்டார் வந்து, என் அப்பா அந்தக் கொடுமையை எதிர்த்துப் பேசியவர், அவரையும் சேர்த்து அறைந்துவிட்டீர்கள் என்று நிற்கிறான். அவளிடம் நல்ல பதில் இல்லை, நம்மிடமும் இல்லை. அடிமைகளின் சங்கிலியை அறுத்ததும் யார் எவர் என்று பார்க்காமல் தண்டித்ததும் ஒரே பெண், ஒரே நம்பிக்கையில். முடிவு தெரிந்த பிறகு பின்னால் போய் முதல் பாதியை அழிப்பதும் தப்பு, முதல் பாதியைக் காட்டி முடிவை மறைப்பதும் தப்பு.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பாதிச் சண்டைக்கு மூலகாரணமே இதுதான்: தொடருக்கு மூலமான புத்தகங்களையும் தொடரையும் கலந்து சாட்சி சொல்வது. ஜேமியின் தம்பி டிரியன் தன் காதலி ஷேயைக் கொல்லும்போது தொடரில் அவள் முதலில் கத்தியை எடுக்கிறாள், அதனால் "தற்காப்பு" என்று வாதாடுகிறார்கள். புத்தகத்தில் அவள் கையில் கத்தி கிடையாது, டிரியன் சங்கிலியால் நெரிக்கிறான், அவ்வளவுதான். அரியணைக்காகப் போராடும் ஸ்டானிஸ் தன் மகள் ஷிரீனை எரித்தது தொடரின் ஐந்தாவது சீசனில். 2011 வரை வந்த ஐந்து புத்தகங்களில் அந்தச் சம்பவமே இல்லை. ஆகவே வாதம் ஆரம்பிக்கும் முன்னாடியே கேட்டுவிடுங்கள், தல, நீ படிச்ச ஸ்டானிஸா, பார்த்த ஸ்டானிஸா?